கைத்திறன் பொறிக்குப் பெயர்ந்த வரலாறு

பொருள்களை ஆக்கும் முறைகள் காலந்தோறும் மாறி வந்தமையை விளக்கப் புகுவோர், கை, நீர், நீராவி, மின் என ஆற்றலின் வகைகளை வரிசைப்படுத்திக் கூறுதல் வழக்கம். பாடநூல்கள் பலவும் இந்நெறியே செல்கின்றன. அது தவறன்று. எனினும், சக்கரத்தைச் சுழற்றியது யாது என்பதினும், பொருளைச் செவ்வனே அமைக்கும் திறன் எவரிடத்து இருந்தது என்னும் வினாவே உற்பத்தி வரலாற்றின் உட்பொருளை நமக்குக் காட்டவல்லது.

இங்கிலாந்துப் பொருளியலறிஞர் பலர்க்கும் முன்னோடியாகிய ஆடம் சிமித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டினார். கம்பியை இழுத்தல், நேராக்கல், வெட்டல், கூராக்கல் என வேலையைப் பகுத்துக்கொண்ட பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் வரை செய்தனர். தனியொருவனாக, பயிற்சியுமின்றிச் செய்யின் இருபது தானும் முடிவது அரிது என்பது அவர் கூற்று. இங்கு பகுக்கப்பட்டது வேலையே. கூராக்குவோன் கையில் அச்சிறு தொழிலுக்குரிய திறன் எஞ்சியே இருந்தது.

அத்திறனும் கையை விட்டு நீங்கிய இடம் போர்ட்சுமத் துறைமுகம். பாய்க்கப்பல்களிற் கயிறிழுக்க மரக்கப்பிகள் வேண்டும். நம் கிணற்றுக் கப்பியின் இனமே அவை. ஆனால் 74 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. நெப்போலியனுடன் போர் மூண்ட காலத்தில் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி அமெரிக்கா சென்று, பின் இங்கிலாந்து புகுந்த மார்க் புரூனல் என்பார், கப்பி செய்தலைச் சிறுசிறு வினைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு பொறியை வகுத்தார். ஒரு பொறி துளையிட்டது. மற்றொன்று அத்துளையை நீள்குழியாக்கியது. இன்னொன்று பத்து மரக்கட்டைகளை ஒரு பெருஞ்சக்கரத்திற் பூட்டி ஒருங்கே சுற்றி, அவற்றின் புறத்தை வளைவாகச் சீவியது. நீராவி எந்திரம் அவற்றை இயக்கிற்று. கட்டையை வைத்தலும் எடுத்தலுமே ஆளின் வேலையாயின. 1808 ஆம் ஆண்டில் அங்கே 1,30,000 கப்பிகள் ஆக்கப்பட்டன. முன்பு தேர்ந்த கைவினைஞர் 110 பேர் செய்த வேலையை, பயிற்சியற்ற பத்துப் பேர் செய்தனர் என்பர். உலோகப் பொறிகளின் வரிசை கொண்டு பேரளவு உற்பத்தி நிகழ்ந்த முதலிடங்களுள் இது தலையாயது. பருத்தி ஆலைகளுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடையாமை வியப்பே.

அவ்வாறாயின் அந்த 110 பேரின் திறன் எங்குச் சென்றது? அப்பொறிகளைச் செய்து கொடுத்தவர் ஹென்றி மோட்சிலே. அதுகாறும் கடைசற்காரன் உளியைக் கையிற் பிடித்தே உலோகத்தைக் கடைந்தான். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். மோட்சிலே உளியை இரும்புத் தாங்கியொன்றிற் பூட்டி, அது திருகாணியின் வழியே நேராக நகருமாறு அமைப்பதிற் சிறந்து விளங்கினார். இத்தகைய தாங்கி முன்னரும் இருந்ததுண்டு. ஆயினும் அதனைத் தொழிற்சாலைக்குரிய நுண்மையுடன் நிலைநாட்டியவர் அவரே. எனவே திறன் அழிந்துவிடவில்லை. கப்பி செய்வோனிடமிருந்து பொறி செய்வோனிடம் பெயர்ந்தது. மோட்சிலேயின் பட்டறையிற் பணிபுரிந்த யோசேப்பு விட்வேர்த் 1841 இல் திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவு வகுத்தமையும் இதன் தொடர்ச்சியே.

அடுத்த படி அமெரிக்காவில் நிகழ்ந்தது. துப்பாக்கியொன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்துமாறு செய்தவர் எலி விற்னி எனப் பலகாலம் கற்பித்தனர். அவர் 1798 இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டாண்டிற் தருவதாக உடன்பட்டு, 1809 இலேயே தந்து முடித்தார். அவற்றின் உறுப்புக்களும் உண்மையில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதனை 1820களிற் செய்து காட்டியவர் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரிற் பணிபுரிந்த யோன் ஹோல் என்பாரே. உறுப்புக்கள் பொருந்தினால், அரத்தால் அராவி இணைக்கும் கம்மியன் வேண்டப்படான். ஹென்றி போர்ட் கையாண்ட முறைக்கு இதுவே அடிப்படை.

போர்ட்டின் தொழிற்சாலையில் 1913 இல் நகரும் பொருத்துவரிசை தொடங்கிற்று. சிக்காகோ நகரின் இறைச்சிக் கூடங்களில், தொங்கவிட்ட உடல்கள் ஒருவர் பின் ஒருவராக நின்ற ஆட்களைக் கடந்து செல்லும் முறையிலிருந்தே அவ்வெண்ணம் பிறந்ததென அவரே குறிப்பிட்டார். சைவ உணவினர்க்கு உவப்பான செய்தியன்று! தீப்பொறி தரும் காந்தக் கருவியை ஒருவன் தனியே பொருத்த 20 நிமிடம் ஆயிற்று. வேலையைப் பகுத்து வரிசையாக நகரச் செய்தபோது அது 13 நிமிடமாகக் குறைந்தது. குனியாது நின்று செய்ய ஏதுவாக வரிசையைச் சில அங்குலம் உயர்த்தியதும் 7 நிமிடமாயிற்று, பின்னர் 5. வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் நேரம் 12 மணி 28 நிமிடத்திலிருந்து 1 மணி 33 நிமிடமாயிற்று.

ஆயின் வேலையாள்கள் நிற்கவில்லை. 1913 இல் அவர்கள் விலகிய வீதம் நூற்றுக்கு 370. அஃதாவது, ஓரிடத்தை ஓராண்டு நிரப்ப மூவர் நால்வரை அமர்த்த வேண்டியிருந்தது. ஒரே ஆணியை நாள் முழுதும் முடுக்குவதை மனிதர் இங்ஙனம் மறுத்தனர். 1914 சனவரியில் நாட்கூலி 5 டொலராக உயர்த்தப்பட்டதும் வேலைநேரம் எட்டு மணியாகக் குறைக்கப்பட்டதும் இதனாலேயே. போர்ட்டின் வள்ளன்மை எனப் பலர் போற்றுவர். கூலியின் ஒரு பகுதி இலாபப் பங்காகவே கொடுக்கப்பட்டதையும், அதனைப் பெறுவோரின் இல்லங்களுக்கு ஆளனுப்பி அவர்தம் ஒழுக்கம் ஆராயப்பட்டதையும் அவர்கள் கூறுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின், உலோகத்தைக் குடைந்து உருவாக்கும் பொறிகளை இயக்கிய தேர்ந்த தொழிலாளரிடம் மட்டும் பழைய திறன் தங்கியிருந்தது. அப்பொறிகளைத் தாமே இயங்கச் செய்ய அமெரிக்காவில் இரு வழிகள் ஆராயப்பட்டன. ஒரு வழியில், தேர்ந்த தொழிலாளி ஒரு முறை பொறியை இயக்குவான். அவன் கையின் அசைவுகள் காந்த நாடாவிற் பதியும். பின்பு பொறி அவ்வசைவுகளையே மீட்டும் செய்யும். மற்றைய வழியில், பொறியியலாளர் வரைபடத்திலிருந்து எண்களைக் கணித்து, துளையிட்ட நாடாவில் ஏற்றுவர். இதற்கு அமெரிக்க வான்படை பொருளுதவி செய்தது. மாசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகம் 1952 இல் அத்தகைய பொறியொன்றை இயக்கிக் காட்டிற்று. தொழிலாளியின் கையைப் பதிவுசெய்த வழி செலவு குறைந்ததாயினும் கைவிடப்பட்டது. இன்று உலகெங்கும் இயங்கும் கணினிவழிப் பொறிகள் எண்வழியின் வழித்தோன்றல்களே.