ரெண்டு எம்.எம். போர் போட்டால் வண்டி பறக்குமா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு லேத் பட்டறை. பம்பு ஷாஃப்ட், புஷ், பிரேக் டிரம் என்று சோறு போடுகிற வேலை தினமும் வரும். நடுநடுவே அலுமினியச் சாமான் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு யாராவது ஒரு பையன் வந்து நிற்பான்.

“அண்ணே, ரெண்டு எம்.எம். போர் போட்டுக் குடுங்க. வண்டி பிக்கப் பத்தல.”

துணிக்குள் இருப்பது திராட்டில் பாடி. ஏர் ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். உருண்டையான ஒரு துளை, அதன் குறுக்கே ஒரு தண்டு, தண்டில் திருகிய வட்டத் தகடு, அவ்வளவுதான். தகட்டுக்குப் பட்டறையில் ‘பட்டர்ஃப்ளை’ என்று பெயர். ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றுதான் வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிதித்தால் திறப்பது காற்றுக்கான வழி. எவ்வளவு காற்று வந்தது என்று சென்சார் சொல்ல, அதற்குத் தக்கபடி பெட்ரோலைத் தெளிப்பது வண்டியின் கம்ப்யூட்டர்.

அந்தத் துளையை ரெண்டு எம்.எம். பெரிதாக்கச் சொல்கிற பையனின் ஆசையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 44 மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் 15.2 சதுர சென்டிமீட்டர். 46 ஆக்கினால் 16.6. ஒன்பது சதவீதம் கூடுதல். அப்படியானால் பவரும் ஒன்பது சதவீதம் கூடும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

பழைய மாருதி எஸ்டீமை எடுத்துக்கொள்வோம். 1,298 சிசி, எம்.பி.எஃப்.ஐ. மாடலில் 85 குதிரைசக்தி. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 6,000 ஆர்.பி.எம்மில் அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,900 லிட்டர். ஒரு நொடிக்கு 65. இவ்வளவும் 44 மில்லிமீட்டர் துளை வழியாகப் போவதாக வைத்துக்கொண்டால், காற்றின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் வரும். கேட்க மிரட்டலாக இருக்கும். காற்றுக்கு அது சாதாரணம். குறுக்கே நிற்கும் தண்டையும் தகட்டையும் சேர்த்தாலும், இந்த வேகத்தில் தள்ளுவதற்கு ஆகிற செலவு வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். ரெண்டு எம்.எம். கடைந்தால் அந்த ஒன்றிரண்டிலும் ஆறில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும். 85 குதிரையில் அரைக் குதிரைகூடத் தேறாது. கல்யாண மண்டபத்து வாசலை இடித்து அகலமாக்கினாலும் பந்தியில் போட்ட இலை அத்தனைதானே. ரோட்டில் ஓடுகிற வண்டியில் பந்தி என்பது வால்வு, போர்ட், கேம், சைலன்சர்.

துளை நிஜமாகவே குரல்வளையைப் பிடிக்கிற இடமும் உண்டு. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் கார்களை நம்மூரிலேயே வடிவமைத்துக் கட்டிய கரிவர்தனின் பெயர் தாங்கிய மைதானம். அங்கே ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் சொந்தமாகக் கட்டிய வண்டியோடு வருகிறார்கள். இஞ்சின் 710 சிசி வரை இருக்கலாம். ஆனால் பெட்ரோல் வண்டியென்றால் உள்ளே போகிற காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டர் சொச்சம். இஞ்சின் வேகமெடுக்க எடுக்க, அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் இஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி கூடுதலாக வராது. அங்கே அரை எம்.எம். கிடைத்தாலும் தங்கம். 1995-இல் ஸ்பெயினில் நடந்த கட்டலூன்யா ராலியில் டொயோட்டா செலிகா மாட்டிக்கொண்டது இந்த விஷயத்தில்தான். டர்போவில் விதிப்படி பொருத்தியிருந்த காற்றுத் தடுப்பு, பூட்டி இறுக்கியதும் சற்றே விலகிப் பக்கத்தில் காற்றை விட்டது. சோதனைக்குக் கழற்றினால் நல்ல பிள்ளையாகத் தன் இடத்துக்கே திரும்பியது. புள்ளிகள் பறிபோயின, அணிக்குப் பன்னிரண்டு மாதத் தடை. செய்தது திருட்டுத்தனம், சந்தேகமில்லை. ஆனாலும் லேத்காரனாக அந்த வேலைப்பாட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க எனக்கு ஆசை.

சரி, போர் போட்டவர்கள் “வண்டி வேற மாதிரி போகுதுண்ணே” என்று சத்தியம் செய்கிறார்களே? பொய் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரைக் கால்வாசி மிதிக்கும்போது முன்பைவிடப் பெரிய தகடு திறக்கிறது. அதே மிதிக்குக் காற்று கூடுதலாகப் போகிறது. இந்திரா காந்தி சதுக்கத்தில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளும். ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் பழைய துளையிலும் அதே துள்ளல்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தரையோடு தரையாக மிதித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடைவதற்கு முன்னால் நான் ஒரு சோதனை சொல்லுவேன். திராட்டிலைத் தாண்டிய காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியென்றால், டேஷ்போர்டுக்கு அடியில் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகு. இஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால், கடல் மட்டத்தில் இருக்கிற நம் புதுச்சேரியில் 100, 101 கிலோபாஸ்கல் என்று காட்டும். பிறகு காலி ரோட்டில் ரெண்டாவது கியரில் முழுக்க மிதித்து, உச்ச ஆர்.பி.எம்மில் பக்கத்தில் இருப்பவனைப் படிக்கச் சொல். 99, 98 என்று நின்றால் திராட்டில் பாடி உன் எதிரி இல்லை. 93-க்கு இறங்கினால் எங்கோ அடைக்கிறது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார். பல வண்டிகளில் தகட்டின் விளிம்பு முழுக்கக் கரி அப்பியிருக்கும். கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வருகிற ஆயில் ஆவி படிந்து உண்டாவது அது. கிளீனரை மெல்லிய துணியில் நனைத்துத் துடைத்தால் ஐடில் சீராகும். சில துளைகளுக்குள் கம்பெனியே கறுப்பாகப் பூச்சு கொடுத்திருக்கும். அழுக்கென்று நினைத்து அதைச் சுரண்டிவிடக் கூடாது. ஆக்சிலேட்டர் கேபிள் இல்லாத புது வண்டிகளில், துடைத்தபின் ஐடிலை ஸ்கேனரால் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைகிற வேலையும் லேசில்லை. ஃபோர் ஜா சக்கில் கட்டி, டயல் வைத்து மையம் பார்ப்பதற்கே நேரம் போய்விடும். துளை பெரிதானால் பழைய தகடு உதவாது. புதுத் தகடு சரியான வட்டமாக இருந்தாலும் ஆகாது. மூடும்போது அது சற்றே சாய்ந்து உட்கார வேண்டும். அதனால் மயிரிழை நீள்வட்டமாகக் கடைந்து, விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். இடைவெளி கூடினால் ஐடில் ஏறி இறங்கி ஆடும். குறைந்தால் தகடு சிக்கி, ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ளும். தகட்டைப் பிடிக்கிற குட்டித் திருகாணிகளின் பின்முனையைத் தட்டி மடக்காமல் விட்டால், ஒருநாள் கழன்று நேரே சிலிண்டருக்குள் போகும். திராட்டில் பாடி போய்ச் சேரும் மேனிஃபோல்டின் வாய் பழைய அளவிலேயே இருந்தால் பட்ட பாடெல்லாம் அங்கே ஒரு படிக்கட்டாக முடியும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதையும் காதில் போட்டுவைப்பேன்.

கேம் மாற்றி, போர்ட் வேலை முடித்து, ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகிற வண்டியென்றால் பேச்சு வேறு. அதற்குப் பெரிய துளை தேவைப்படும். அப்போதும் வண்டியோடு வந்த ஒரிஜினலில் நான் கை வைப்பதில்லை. “இதைத் துடைச்சு வீட்ல வை தம்பி. காயலான் கடையில இதே மாடல் ஒண்ணு தேடிப் பிடிச்சுட்டு வா” என்பேன். அதில்தான் டூல் இறங்கும்.