முந்தி விண்ணப்பித்தலும் கல்லூரிச் சேர்க்கையும்

முந்தி விண்ணப்பித்தல் என்பது கல்லூரிச் சேர்க்கைக்கு ஒதுக்கப்பட்ட கால வரம்பின் தொடக்க நாட்களிலேயே விண்ணப்பத்தை அளித்துவிடுவதைக் குறிக்கும். இவ்வாறு அளித்தால் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உள்ளது. தமிழ்நாட்டின் ஒற்றைச்சாளர முறையில் இவ்வெண்ணம் பொருந்தாது. கடைசி நாளுக்குள் வந்துசேரும் எல்லா விண்ணப்பங்களும் ஒரே நிலையில் வைத்தே மதிப்பிடப்படுகின்றன. எனினும் சேர்க்கையின் வேறு சில கட்டங்களில் காலம் முடிவை மாற்றக்கூடியது.

தென்காசி, குற்றாலம் பகுதியில் சேர்க்கை வழிகள்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் சூன் மாதத்தை ஒட்டியே இங்குக் கல்லூரிச் சேர்க்கையும் நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவருக்கு மூன்று வழிகள் உள்ளன.

* அரசு கலை, அறிவியல் கல்லூரிகள்: சுரண்டையிலுள்ள காமராசர் அரசு கலைக் கல்லூரி இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றுக்கு 2020 முதல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான இணையத்தளம் வழியாக விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன.
* அரசு உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும்: இவை தாமே விண்ணப்பம் பெற்றுச் சேர்க்கை நடத்துகின்றன. 1964இல் தொடங்கப்பட்ட குற்றாலம் சிறீ பராசக்தி மகளிர் கல்லூரி அரசு உதவிபெறும் கல்லூரியாகும்.
* பொறியியல் கல்லூரிகள்: அரசு ஒதுக்கீட்டு இடங்கள் மாநில அளவிலான கலந்தாய்வின் மூலம் நிரப்பப்படுகின்றன. 2017 வரை மாணவர்கள் ஏறத்தாழ 600 கி.மீ. பயணம் செய்து சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது.

தரவரிசை உருவாகும் முறை

பொறியியல் சேர்க்கையில் கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் ஒவ்வொன்றும் 50க்கும் மாற்றப்பட்டு, மொத்தம் 200க்குத் தகுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இருவர் சம மதிப்பெண் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணும், பின்னர் இயற்பியல் மதிப்பெண்ணும், அதன்பின் பிற மதிப்பெண்களும் ஒப்பிடப்படும். அவையும் சமமாயின் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை உண்டு. பிறந்த நாளும் ஒன்றாயின் கணினி வழங்கும் சமவாய்ப்பு எண்ணில் பெரிய எண்ணைப் பெற்றவர் முன்னிடம் பெறுவார். இந்த வரிசையில் விண்ணப்பித்த நாளோ நேரமோ எங்கும் இடம்பெறவில்லை.

எடுத்துக்காட்டாக, முதல் நாளில் விண்ணப்பித்த ஒருவர் கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றிருந்தால் அவருடைய தகுதி மதிப்பெண் 172 (90 + 40 + 42). கடைசி நாளில் விண்ணப்பித்த மற்றொருவர் கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 80 பெற்றிருந்தால் அவருக்கும் 172 (92 + 40 + 40). கணிதத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றதால் இரண்டாமவரே தரவரிசையில் முன்னிற்பார்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் மதிப்பெண்ணே அடிப்படையாகும். தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகளுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணும், பிற படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் மொத்தமும் கருதப்படுகின்றன. இதன்பின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது.

காலம் முடிவை மாற்றும் இடங்கள்

* சான்றிதழ்கள்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை வருவாய்த்துறை வழங்குகிறது. இவற்றைப் பெறச் சில நாட்கள் தேவைப்படும். உரிய காலத்துக்குள் சாதிச் சான்றிதழை அளிக்காதவர் ஒதுக்கீட்டின் பயனை இழக்க நேரிடும். முந்தி விண்ணப்பிப்பவருக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை, குறைகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருப்பதே.
* இடத்தை உறுதிசெய்தல்: தற்காலிக ஒதுக்கீடு பெற்ற மாணவர் குறித்த நாளுக்குள் அதனை உறுதிசெய்யத் தவறினால் அவ்விடம் பிறருக்குச் செல்லும். அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு உரிய நாளில் வராதவரின் இடம் தரவரிசையில் அடுத்து நிற்பவருக்கு அளிக்கப்படும்.
* துணைக் கலந்தாய்வு: முதன்மைச் சுற்றுகளுக்குப் பின் எஞ்சிய இடங்கள் மட்டுமே இதில் நிரப்பப்படுகின்றன. ஆகவே தாமதமாக வருவோருக்குத் தெரிவுகள் குறைவு.
* நிருவாக ஒதுக்கீடு: சுயநிதிக் கல்லூரிகள் தாமே நிரப்பும் இடங்கள் வரும் மாணவர்களைக் கொண்டு அவ்வப்போது நிரம்பக்கூடியவை. இங்கு முந்தி வருவது பயன் தரலாம்.

விருப்பப் பட்டியலைப் பொறுத்தவரை, அதனைப் பதிவுசெய்த நேரம் கருதப்படுவதில்லை. பட்டியலில் கல்லூரிகளை வைத்துள்ள வரிசையே ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கிறது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முன்கூட்டிய சேர்க்கைச் சுற்று ஒன்று தனியே உண்டு. இதற்கான கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15 ஆகும்; முடிவுகள் திசம்பரில் வெளியாகும். எந்தச் சுற்றில் விண்ணப்பிக்கிறார் என்பது அங்கு முதன்மையானது; ஒரு சுற்றுக்குள் முதல் நாளா, கடைசி நாளா என்பது பொதுவாகப் பொருட்படுத்தப்படுவதில்லை. முன்கூட்டிய சுற்றில் தேர்ச்சி விகிதம் உயர்ந்து காணப்படுவதற்கு, நன்கு ஆயத்தமான மாணவர்களே அதில் மிகுதியாக விண்ணப்பிப்பதும் ஒரு காரணம். இம்முறை வசதி படைத்தோருக்குச் சாதகமானது என்ற குறை கூறப்பட்டதால், ஆர்வர்டு பல்கலைக்கழகம் இதனைக் கைவிடுவதாக 2006இல் அறிவித்தது. 2011இல் மீண்டும் கொண்டுவந்தது. வரும் விண்ணப்பங்களை உடனுக்குடன் பரிசீலித்து இடமளிக்கும் தொடர் சேர்க்கை முறையைப் பின்பற்றும் கல்லூரிகளில் மட்டும் விண்ணப்பித்த நாள் நேரடியாக வாய்ப்பைப் பாதிக்கிறது.