உப்பு: தேவையான அளவு

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மையார் தம் வீட்டுச் சமையல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். மாமியார் கைப்பட எழுதிய பழைய பள்ளி நோட்டு அது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அவருடைய கணவருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்து வருகிறது. காலில் வீக்கம், மூன்று மாத்திரைகள் கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை.

“உப்பக் குறைங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுதீங்க டாக்டர். எதுல எவ்வளவு குறைக்கணும்னு இதுல எழுதித் தாங்க” என்றார்.

புரட்டிப் பார்த்தேன். சாளைக் குழம்பு, மாசிச் சம்பல், சொதி, கூட்டாஞ்சோறு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. புளி நெல்லிக்காய் அளவு, தேங்காய் அரை மூடி, மிளகாய் வற்றல் பன்னிரண்டு என்று எல்லாவற்றிற்கும் கணக்கு இருந்தது. உப்புக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே தொடர்: ‘தேவையான அளவு.’ அளவே தெரியாத ஒன்றைக் குறைக்கச் சொல்லி இத்தனை நாள் சீட்டு எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் உப்பில் அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. காலை இட்லி, மதியக் குழம்பு, இரவுச் சட்னி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடற்கரைச் சாலையின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்பளம் விரிந்து கிடக்கும் ஊரில் இதைச் சொல்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது!

உங்கள் வீட்டு நிலவரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில், அதன்மீதே தேதியை எழுதிவிடுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம்; பொட்டலம் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் இருமடங்கு செலவாகிறது என்று பொருள். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் எடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் அப்பளமும் ஓட்டல் சால்னாவும் இந்தக் கணக்கில் சேராதவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது குறிப்பேடு. சமைக்கும் நாளில் சிறு கிண்ணத்தில் 30 கிராம் உப்பை நிறுத்து வைத்து, வழக்கம்போல் கையால் அள்ளிப் போடுங்கள். சமையல் முடிந்ததும் மீதியை நிறுத்தால், போட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதையும், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் செய்முறைக்கு அருகில் எழுதுங்கள். கல் உப்பைக் கரண்டியால் அளப்பது சரிவராது; கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவாகவே பிடிக்கும். கருவாட்டுக்கோ இந்த முறை உதவாது. உப்பு அதனுள்ளேயே ஏறியிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் ஓரளவு இறங்குமே தவிர முழுவதும் போகாது. ஆகவே கருவாடு, ஊறுகாய்ப் பக்கங்களைக் குறிப்பேட்டின் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

பொதுவாகக் குழம்பு, பொரியல், பலகாரம் என்று வரிசைப்படுத்துவோம். நோயாளி இருக்கும் வீட்டில், எத்தனை நாளுக்கு ஒருமுறை சமைக்கிறோம் என்ற வரிசையே பயன் தரும். முதலில் அன்றாடச் சமையல்; பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையல்; பிறகு பொங்கல், பெருநாள், பனிமய மாதா திருவிழா, கிறிஸ்துமஸ். குறைக்க வேண்டிய இடம் முதற்பகுதிதான். ஆண்டுக்கொரு நாள் தின்னும் மக்ரூனால் கால் வீங்குவதில்லை. (சர்க்கரை நோயாளிகளிடம் இதே தாராளத்தைக் காட்ட மாட்டேன்.) பழைய குறிப்பை அடிக்க வேண்டாம், அருகில் பென்சிலால் புதிய அளவை எழுதினால் போதும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பனையாகும் பொட்டலங்களில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அதை வாங்காதீர்கள். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், காய்கறியை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுத் தாளிக்க வேண்டும் என்பதையும் அந்தந்தச் செய்முறையிலேயே எழுதிவிடுங்கள்.

எழுதிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமைப்பவரே படுத்துவிடும் நாள் எந்த வீட்டுக்கும் வரலாம். பக்குவமாகச் சமைத்துப்போட்ட மனைவி அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த வாரத்தில், கணவர் மூச்சுத்திணறலோடு வந்து சேர்வதைக் கண்டிருக்கிறேன். அந்த அளவுகள் அவர் மனைவியின் கையில் மட்டுமே இருந்தன. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டதும் இத்தகைய தேவையால்தான். உறவினர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிய வண்ணம் இருந்தார்கள்.

அந்த அம்மையார் ஆறு வாரம் கழித்து வந்தார். சாளைக் குழம்புப் பக்கத்தில் ‘ஐந்து பேருக்கு 14 கிராம்’ என்றிருந்தது. அருகே பென்சிலில் 11, அதற்கும் கீழே 9. கணவரின் கால் வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரைகளை நான் இன்னும் குறைக்கவில்லை. மாசிச் சம்பல் பக்கம் மட்டும் நிரம்பாமலே இருந்தது. அதை மாமியார்தான் அரைக்கிறாராம். கிண்ணத்தில் நிறுத்து வைத்த உப்பை அவர் தொடுவதில்லையாம்.