நீ சும்மா இரு ஆச்சி!

லீவுக்கு ஊருக்குப் போற நாம எல்லாரும் அடிக்கிற டயலாக்தான் இது. வாதம் வந்து ஒரு கை சரியா வராத ஆச்சி, சுளகை இழுத்து உளுந்து புடைக்கப் பார்ப்பாங்க. உடனே பாய்ஞ்சு போய்ப் பிடுங்கிடுவோம். பாசம்தான் பாஸ், சந்தேகமே இல்ல! ஆனா, இந்தப் பாசத்தைப் பார்த்துப் பயப்படுற ஒரு துறை இருக்கு. பேரு, ஆக்குபேஷனல் தெரபி.

"ஃபிசியோதெரபிதானே?" இல்லைங்க, அதுக்குப் பக்கத்து வீடு. கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுதுன்னு ஃபிசியோ பார்ப்பார். தூக்கின கையால சட்டை போட முடியுதா, தலை சீவ முடியுதா, டீ போட முடியுதான்னு இவங்க பார்ப்பாங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி உங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு கேட்டுட்டுதான் சிகிச்சையையே ஆரம்பிப்பாங்க.

தூத்துக்குடி மாவட்டம் குளத்தூர்ப் பக்கம் அந்தக் கேள்வியைக் கேட்டா என்ன பதில் வரும்? கரிசக்காட்டு மானாவாரி பூமி. பருத்தி எடுத்தேன், மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன், கோவில்பட்டிப் பக்கம்னா தீப்பெட்டி ஒட்டினேன்... கவனிங்க, எல்லாமே விரல் வேலை! ஆஸ்பத்திரியில பலகை ஓட்டையில குச்சி சொருகச் சொல்லித் தர்ற பயிற்சியும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பு கிள்ளுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். (உணர்ச்சி குறைஞ்ச கைன்னா மிளகாய் வேணாம். எரிச்சலே தெரியாம கண்ணைக் கசக்கிடுவாங்க. பருத்தி போதும்.)

இந்தத் துறையோட சின்னச் சின்ன டெக்னிக் எல்லாம் செம! சட்டை, ஜாக்கெட் போடும்போது வராத கையை முதல்ல நுழைக்கணும். கழற்றும்போது நல்ல கை முதல்ல. கரண்டிக் காம்புல துணியைச் சுத்திக் கனமாக்கினா பிடி நழுவாது. படி விளிம்புல பளிச்சுனு ஒரு பெயின்ட் கோடு. கழிப்பறைச் சுவர்ல ஒரு கைப்பிடி. சக்கரம் வச்ச வாக்கர் வாங்குறதுக்கு முன்னாடி மட்டும் யோசிங்க. மழை பெய்ஞ்சா கரிசல் மண்ணு சக்கரத்தை விடவே விடாது!

'சும்மா டைம்பாஸ் வேலை'ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 60 வயசு தாண்டின 361 பேரை மூணு குழுவாப் பிரிச்சு ஒன்பது மாசம் ஆராய்ச்சி பண்ணாங்க. 1997-ல முடிவு வெளியாச்சு. சேர்ந்து பொழுதுபோக்கின குழுவுக்கும் ஒண்ணுமே கொடுக்காத குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்ல. ஆக்குபேஷனல் தெரபி கிடைச்ச குழு மட்டும் உடம்பு, மனசு ரெண்டுலயும் தெம்பா இருந்துச்சு.

நம்ம நாட்டுல இதுக்கு முதல் பள்ளியை 1950-ல மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சவர் கமலா நிம்ப்கர். பிறப்பால அமெரிக்கர்! வேலூர் சி.எம்.சி.யில 1966-ல மறுவாழ்வு மையம் தொடங்கினது டாக்டர் மேரி வர்கீஸ். விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேர்ல உட்கார்ந்தே ஆபரேஷன் பண்ணவங்க அவங்க.

ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப் படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா சொல்லி வைங்க. பி.ஓ.டி.ன்னு பட்டப்படிப்பு. சி.எம்.சி., கோவை கே.எம்.சி.எச்., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.ல இருக்கு. 2021-ல வந்த துணை மருத்துவத் துறைச் சட்டத்துலயும் இதுக்கு இடம் உண்டு. அவங்க படிச்சு முடிச்சு விளாத்திகுளம் பஸ் ஏறுற வரைக்கும், அந்தச் சுளகை ஆச்சிகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு, பக்கத்துல உட்கார்ந்து கல் பொறுக்குங்க. சாயங்காலம் உளுந்த வடை கேரண்டி!