முறைப்பாட்டுக் கடிதமும் கைபேசிச் செயலியும்

2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். இத்தனை இடங்களிலும் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்த தாய்மார் யாழ்ப்பாணத்தில் ஏராளம். "என்ரை முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதுவதற்கு இப்போது பிள்ளைகள் கைபேசியில் சட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் திறந்து கொடுக்கிறார்கள். நல்ல உதவிதான். ஆனால் அவதானம் வேண்டும்.

இச்செயலிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்தே எழுதுகின்றன. 'தகவல் அறியும் உரிமை' என்று மட்டும் கேட்டால் இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து, 10 ரூபா கட்டணம், 30 நாட்கள் என்று எழுதிவிடக்கூடும். எமது சட்டமோ 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். பிரதேச செயலாளரை 'வட்டாட்சியர்' என்று எழுதினால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். நாட்கணக்குப் பிழைத்தாலோ மேன்முறையீட்டுக்குரிய 14 நாட்கள் கைநழுவிவிடும். ஆகவே 'இலங்கை' என்பதையும் சட்டத்தின் இலக்கத்தையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் சொல்லாததை அது நிரப்புவது. திகதி, இடம், 'கண்ணால் கண்டேன்' என்றொரு வசனம். அது நீங்கள் முன்பு கொடுத்த வாக்குமூலத்தோடு முரண்பட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். அதனால் முழுக் கடிதத்தையும் ஒரேயடியாகக் கேட்க வேண்டாம். பழைய பிரதிகளைப் பார்த்துத் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவற்றை மட்டும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். "எதையும் சேர்க்காதே, தெரியாததை என்னிடம் கேள்" என்று எழுதுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் சேர்க்கக்கூடும். வரிவரியாகக் கொப்பியோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். கடிதம் அதன் பிறகுதான்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், சாட்சிகளின் விபரம், வங்கிக் கணக்கு எதையும் அதில் இடவேண்டாம். எழுதுவதெல்லாம் வெளிநாட்டுக் கம்பனியின் கணினிக்குப் போகிறது. உங்கள் கைபேசியிலும் தங்கிவிடுகிறது. அதை நாளை யார் திறந்து பார்ப்பார் என்பது எமது ஊரில் சின்ன விடயமல்ல. 'மகன்', 'சாட்சி 1' என்று எழுதினால் போதும். உண்மைப் பெயர்களைக் கடைசியில் பேனையால் நிரப்பலாம்.

கையொப்பமிட முன் யாரையாவது உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத வசனத்தை வெட்டுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் கிடைத்ததற்கான எழுத்துமூலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது தகவல் அலுவலரின் கடமை.