வணிக நிர்வாகக் கல்வியும் கிறித்தவக் கலாசாலையும்

புசா ரோட்டிலும் அதனையடுத்த கரோல் பாக்கிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளைச் சர்க்கார் உத்தியோகத்துக்கோ எஞ்சினீயரிங்குக்கோ ஆயத்தம் செய்வதையே நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தன. இன்று புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்து வெளிவரும் பிள்ளைகளில் வணிக நிர்வாகத்தை நாடுவோரும் உளர். கிறித்தவத் துறவியர் நடத்தும் நிலையங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை என்று கேள்வியுறும் பெற்றோர், அங்கு நமக்கு இடம் உண்டா, அங்கே கற்பிப்பதுதான் யாது என்று வினவுகின்றனர்.

இரண்டாம் வினாவுக்கு ஜாம்ஷெட்பூர் விடையளிக்கிறது. 1949-ஆம் ஆண்டு குவின் என்ரைட் என்னும் ஏசு சபைத் துறவி அந்த எஃகு நகரத்தில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயரில் வணிகம் என்ற சொல்லே இல்லை. 'சேவியர் தொழிலுறவு நிலையம்' என்பதே அதன் பொருள். 1912-லேயே எட்டு மணி நேர வேலையை ஏற்ற ஆலையின் ஊர் அது. 1928-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தையும் அவ்வூர் கண்டது. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரோடொருவர் பேசக் கற்பது சுதந்திர இந்தியாவின் அவசியத் தேவை என்று கருதியே, ஆலை அதிகாரிகளுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் அங்கே பயிற்சி தரப்பட்டது. விற்பனையும் நிதியும் உள்ளிட்ட பொது வணிகப் பாடங்கள் பின்னரே முழுமை பெற்றன. இன்று எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்று வழங்கும் அந்நிலையத்தில் ஆட்களை ஆளும் துறைக்கு இன்றும் தனிப் படிப்பு உண்டு. கணக்கேடு பழக ஆசிரியர் பலர் கிடைப்பர். கோபமுற்ற தொழிலாளியின் எதிரில் அமர்ந்து பேசப் பழக்குவோர் சிலரே. ஆதலின் இப்பகுதியே அங்குள்ள கல்வியின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

இடையில் என் தொழில் சார்ந்த ஒரு சொல். 'நிர்வாகம்' என்று நாம் எழுதுவதை இலங்கைத் தமிழர் 'முகாமைத்துவம்' என்பர். தமிழ்நாட்டார் இப்போது 'மேலாண்மை' என்பர். பெயர் வேறுபட்டாலும் பாடம் ஒன்றே.

சென்னையில் 1925-இல் தோன்றிய லயோலா கல்லூரி வளாகத்தில், 1979-இல் வணிக நிர்வாகத்துக்கெனத் தனி நிலையம் எழுந்தது. வேலையிலிருப்போர் பகுதி நேரமாகப் பயிலவே அது முதலில் ஏற்பட்டது. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 2020-இல் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் மற்றொரு வளாகம் திறந்தமையால், தில்லித் தமிழருக்குத் தொலைவும் ஒரு தடையன்று.

இனி இடம் பற்றி. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமை தருகிறது. அரசு உதவி பெறும் கல்லூரி தன் சமூகத்தாருக்குப் பாதிக்கு மேல் இடம் ஒதுக்கலாகாது என்று, 1991-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் அக்கணக்குத் தளர்ந்தது. எனினும் அத்தகைய கல்லூரி பிறருக்கும் இடமளிக்க வேண்டும் என்ற நியதி நிலைத்தது. மத போதனையில் கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது 28-ஆம் பிரிவு.

பெற்றோர் பெரும்பாலும் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. பல்கலைக்கழகங்களும் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிலையங்களுமே பட்டம் வழங்கலாம் என்பது 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம். தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பி.பி.ஏ. முடிப்பவர் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியாவார். எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் இரண்டாண்டு பயின்றவரோ முதுநிலை டிப்ளமா பெறுகிறார். கம்பெனிகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. சர்க்கார் பதவியையோ முனைவர் ஆராய்ச்சியையோ கருதுவோர் மட்டும், அந்த டிப்ளமா எம்.பி.ஏ.வுக்கு நிகராக ஏற்கப்பட்டுள்ளதா என்று முன்னரே விசாரித்தறிய வேண்டும். இரண்டாண்டுச் செலவு இருபது லட்சம் ரூபாயைத் தாண்டுவதால், வங்கிக் கடன் வாங்குவோர் விசாரணையை முதலில் முடித்துக்கொள்வது நலம்.

அங்கே சேர விரும்பும் பட்டதாரிகளுக்கு ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் 'எக்ஸாட்' தேர்வு நடைபெறுகிறது. லயோலா நிலையமும் இதன் மதிப்பெண்ணை ஏற்கிறது. கணிதமும் ஆங்கிலமும் மற்றத் தேர்வுகளைப் போன்றவையே. முடிவெடுக்கும் திறனுக்கெனத் தனிப் பகுதி இருப்பது இதன் சிறப்பு. ஒரு நிறுவனத்தில் நேர்ந்த சிக்கலை விவரித்து, பொறுப்பில் இருப்பவர் அடுத்துச் செய்யத் தக்கது யாது என்று அப்பகுதியில் வினவுவர்.