லீவு நாள் கேமராக்கள்: இதெல்லாம் தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரி வரியாகக் கல்வெட்டு ஓடுகிறதே, அதை 1858-லேயே ஒருவர் ஒரே நீளப் படமாக எடுத்துவிட்டார், தெரியுமா? 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளம்! எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் ராணுவ அதிகாரி. கோயில்களைப் படமெடுக்கும் வேலையை அவர் எப்படித் தொடங்கினார் என்று நினைக்கிறீர்கள்? லீவு போட்டு! 1854 கடைசியில் விடுப்பு வாங்கிக்கொண்டு ஹளேபீடு, பேளூர் கோயில்களுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். மறு ஆண்டே மதராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் தரப் பதக்கம். அதற்கு அப்புறம்தான் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி, அந்த ஒரு லீவு!

வேலையை விட்டால்தான் ஊர் சுற்றிப் படமெடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெருவில் நல்ல படம் எடுத்த பலருக்கு, எங்கே போய் நிற்பது என்று காட்டிக்கொடுத்ததே அவர்கள் பார்த்த வேலைதான். மாதச் சம்பளம் கைக்கு வந்ததால், யாருக்குப் பிடிக்கும், எவ்வளவுக்கு விற்கும் என்ற கவலையும் அவர்களுக்கு இல்லை.

அவ்வளவு ஏன், பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னக் கேமராவே ஒரு சம்பளக்காரர் தனக்காகச் செய்துகொண்டதுதான், தெரியுமா? ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் மைக்ரோஸ்கோப் பிரிவில் இருந்தவர் ஆஸ்கர் பர்னாக். ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தட்டுகளும் பெரிய கேமராவுமாக மலையேறினால் மூச்சு வாங்கியது. சினிமா ஃபிலிமைக் குறுக்கே ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டரில் ஒரு கையடக்கக் கேமராவை உருவாக்கினார். அதுதான் 1925-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா! இன்றைக்கும் ‘ஃபுல் ஃபிரேம்’ என்று நாம் சொல்லும் அளவு அவர் வைத்ததே.

இப்போது விவியன் மையருக்கு வருவோம். சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயா. சுமார் 40 ஆண்டுகள் அதே வேலை. கழுத்தில் ரோலைஃப்ளெக்ஸ். வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கிற கேமரா அது. கண்ணுக்கு நேரே தூக்கவே வேண்டாம், அதனால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது! அந்த உயரத்திலிருந்து எடுத்தால் சாதாரணத் தெரு மனிதர்கூட நிமிர்ந்து கம்பீரமாக நிற்பார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடந்த வழியெல்லாம் எடுத்தார். வேலை செய்த ஒரு வீட்டில் தனக்குக் கொடுத்த குளியலறையையே இருட்டறை ஆக்கிக்கொண்டார். 1959-இல் தனியாகக் கிளம்பி மணிலா, பாங்காக், இந்தியா, எகிப்து, இத்தாலி என்று உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் ஆயா வேலைக்கே வந்தார்! மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ்கள். கழுவாமலே விட்ட ஃபிலிம் ரோல்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். வாடகை கட்டாத கிடங்கிலிருந்து 2007-இல் அவை ஏலத்துக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்தார். உலகம் கொண்டாடியது அதற்குப் பிறகு. அவருடைய படங்களில் குழந்தைகள் பொம்மைபோல் சிரிப்பதில்லை. அழுகை, முறைப்பு, பிடிவாதம் எல்லாம் அப்படியே இருக்கும். நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருந்தவருக்கு மட்டுமே வாய்க்கும் பார்வை அது என்பேன்.

ரயிலில் பரிமாறுபவராக இருந்த கார்டன் பார்க்ஸ், யாரோ பயணி விட்டுப்போன பத்திரிகையில் ஏழை விவசாயிகளின் படங்களைப் பார்த்துத்தான் அடகுக்கடையில் கேமரா வாங்கினார், தெரியுமா? பின்னாளில் ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் அவரே! நியூயார்க்கில் ஜமெல் ஷபாஸ் 20 ஆண்டுகள் சிறைக் காவலர். புரூக்ளின் தெருப் பிள்ளைகளை அவர்கள் விரும்பியபடியே மிடுக்காக நிற்கவைத்து எடுத்தார். நார்வேயில் கார்ல் ஸ்டோர்மர் என்ற கணித மாணவர், 1890-களில் சட்டைக்குள் கேமராவை ஒளித்துப் பொத்தான் துளைவழியே எடுத்தார். வணக்கம் சொல்வார், எதிரே வருபவர் தொப்பியைத் தூக்குவார், அந்த நொடியில் கிளிக்! நாடகாசிரியர் இப்சன்கூட அதில் சிக்கினார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் மில்டன் ரோகோவின். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். இடதுசாரி என்பதால் 1957-இல் விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டார். ஊர்ப் பத்திரிகை அவர் மேல் சிவப்பு முத்திரை குத்தியது. வாடிக்கையாளர் பாதிப்பேர் போய்விட்டார்கள். ஆசிரியையான மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடக்க, அவர் கேமராவைக் கையிலெடுத்தார். 1972-இல் தொடங்கித் தன் கடையை ஒட்டிய ஏழைத் தெருக்களில் எடுத்தார். அதே மனிதர்களை 1984-இல் தேடிப்போய் எடுத்தார். 1992-இல் மறுபடியும்! மூன்று படங்களைப் பக்கத்தில் வைத்தால் கைக்குழந்தை தாயாகி நிற்கும். ஒரே தெருவுக்கு இருபது ஆண்டு திரும்பத் திரும்பப் போவதைவிடப் பெரிய பயணம் உண்டா?

சரி, நம் ஊரில் அலுவலகம் போகிறவருக்கு என்ன இருக்கிறது? சென்னையில் எந்த மாதத்திலும் சூரியன் ஏறக்குறைய ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் எழுந்துவிடுகிறது. காசிமேட்டிலோ கோயம்பேட்டிலோ பொன்வெயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போய்விடலாம்! இன்னும் ஒன்று. ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது, தெரியுமா? சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். குமரி முனையில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியே தொடங்கி, ஊர் ஊராக வடக்கே ஏறிக்கொண்டே வரும். நேரம் பகல் பன்னிரண்டு கடந்து சில நிமிடம். சாப்பாட்டு மூட்டையோடு கேமராவையும் எடுத்துப்போங்கள்!